சீனி வியாதிக்காரரை முழுமையாகப் பார்ப்பது எப்படி?

(சுகாதாரப் பாடம்)



தோட்டத்தில் நாம் "சீனி வியாதி" என்கிறோம். திருகோணமலைப் பக்கம் "சீனி வருத்தம்" என்பார்கள். புத்தகத்தில் நீரிழிவு என்று இருக்கும். பேர் எதுவானாலும், கிளினிக் போய் வந்தவரிடம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "சீனி எத்தனை இருக்காம்?" எத்தனை என்று தெரிந்தவுடன் விஷயம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் கிளினிக்கில் நல்ல நர்ஸ் ஒருவர் அந்த எண்ணோடு நிற்பதில்லை. காலை நீட்டச் சொல்கிறார். இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள் என்று கேட்கிறார். வீட்டில் யார் சமைக்கிறார்கள், விரதம் இருப்பீர்களா, செருப்பு போடுவீர்களா என்றெல்லாம் விசாரிக்கிறார். "சீனி பார்க்கத்தானே வந்தோம், இவங்களுக்கு ஏன் வீட்டுக் கதை?" என்று நம்மில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தக் கேள்விகள் ஏன் கேட்கப்படுகின்றன, அவற்றுக்கு ஏன் உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

திருகோணமலை ஏன்?

உதாரணங்களைத் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. 1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை என்று போய்க் குடியேறின. பெண் கொடுத்து எடுத்த உறவு இன்றும் இருக்கிறது. வேலையிலிருந்து நின்ற பிறகு அங்கே பிள்ளைகளோடு போய் இருப்பவர்களும் உண்டு. இன்னொரு உறவும் இருக்கிறது. நாம் காலையில் ரொட்டி தட்டும் கோதுமை மாவில் பெரும் பங்கு, கப்பலில் வந்த கோதுமையைத் திருகோணமலைத் துறைமுகத்துப் பிரீமா ஆலையில் அரைத்து எடுத்ததுதான்.

ஊர் மாறினால் வேலை மாறும், சாப்பாடு மாறும், வெயில் மாறும். வியாதி மட்டும் அதேதான். அதனால் ஒரே வியாதிக்கு ஆளுக்கு ஆள் வேறு கேள்வி ஏன் தேவை என்பதைத் தோட்டத்தையும் துறைமுகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுலபமாக விளங்கும்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்த வியாதி இருப்பதாகக் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குத் தமக்கு வியாதி இருப்பதே தெரியாது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. வடக்கும் கிழக்கும் கணக்கில் சேரவில்லை. அப்போது யுத்த காலம். பிறகு 2018, 2019இல் நடந்த ஆய்வில் இந்த அளவு ஐந்தில் ஒருவருக்கு மேல் என்று வந்தது. எனவே இது பட்டணத்துப் பணக்காரரின் வியாதி என்ற பழைய பேச்சை விட்டுவிட வேண்டும்.

மூன்று பேர், ஓர் அளவு

மூன்று பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் பாடத்துக்காக நான் சொல்லும் மாதிரி ஆட்கள். மூவருக்கும் காலையில் வெறும் வயிற்றில் சீனி 210 மில்லிகிராம்.

முதலாமவர் துறைமுகப் பக்கம் மூட்டை தூக்கும் தொழிலாளி. இரவு ஷிப்ட். வேலை நேரத்தில் தலை சுற்றினால் மூட்டையோடு விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இரவுக் குளிசையை விட்டுவிடுகிறார். நித்திரை வராமல் இருக்க டின்பால் ஊற்றிய தேத்தண்ணி ஐந்து தடவை குடிக்கிறார்.

இரண்டாமவர் கிண்ணியாவில் மீன்பிடிக்கும் நானா. இன்சுலின் போடுகிறவர். வீட்டில் பிரிஜ் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரி மேலே மருந்துப் போத்தல் மாதக்கணக்கில் இருக்கிறது. ஒழுங்காகத்தான் ஊசி போடுகிறார். ஆனால் மருந்து வெக்கையில் கெட்டுப்போய்விட்டது.

மூன்றாமவர் நம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா. கிளினிக் நாளில் போனால் ஒரு பேர் போய்விடும். அதனால் இரண்டு மாதம் போகவில்லை. பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கிய குளிசையை நினைத்த நேரம் போடுகிறார்.

எண்ணை மட்டும் பார்த்தால் மூவருக்கும் ஒரே வார்த்தைதான் சொல்ல வரும்: "சாப்பாட்டைக் குறைங்க, மருந்தைக் கூட்டுவோம்." மருந்தைக் கூட்டினால் என்ன ஆகும்? முதலாமவர் கூட்டிய மருந்தையும் பயத்தில் விடுவார். இரண்டாமவருக்குக் கெட்ட மருந்தே கூடுதலாகப் போகும். திடீரென்று நல்ல போத்தல் கிடைத்து அதே அளவைப் போட்டால் கடலில் வைத்துச் சீனி இறங்கி மயங்கிவிடுவார். மூன்றாமவருக்குக் கூட்டிய மருந்து கைக்கே வந்து சேராது.

முதலாமவருக்கு வேண்டியது ஷிப்டுக்கு ஏற்ற மருந்து நேரம். இரண்டாமவருக்கு வேண்டியது மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு வழி. மூன்றாமவருக்கு வேண்டியது பேர் போகாமல் மருந்து எடுக்க ஓர் ஏற்பாடு. இவை எதுவும் இரத்தப் பரிசோதனையில் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

முழுமையான மதிப்பீடு என்றால் என்ன?

தாதி உத்தியோகத்தர் என்பது அரசாங்கப் பேர். நாம் நர்ஸ் என்கிறோம், மிஸ்ஸி என்கிறோம். டொக்டர் வியாதியைக் கண்டுபிடித்து மருந்து எழுதுகிறார். அந்த வியாதியோடு இந்த ஆள் எப்படி வாழ்கிறார், எதைத் தானே செய்ய முடியும், எதற்குத் துணை வேண்டும் என்று கண்டுபிடிப்பது நர்ஸின் தனி வேலை. கேட்டு, பார்த்து, தொட்டு, அளந்து விபரம் சேர்ப்பதைத்தான் தாதியர் மதிப்பீடு என்கிறார்கள். உடம்பு, மனம், குடும்பம், தொழில், நம்பிக்கை எல்லாம் அதில் சேர்ந்தால் அது முழுமையான மதிப்பீடு.

இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்காவில் தாதியர் கல்விப் பேராசிரியராக இருந்த மார்ஜரி கோர்டன் என்ற அம்மையார் 1980களில் 11 தலைப்புகளாக இதைப் பிரித்துக் கொடுத்தார். உலகின் பல தாதியர் கல்லூரிகளில் இன்றும் இதைப் படிக்கிறார்கள். நம் நாட்டிலும் 2000களின் கடைசியில் இலங்கை மருத்துவச் சங்கம், உலக நீரிழிவு நிதியத்தின் உதவியோடு "நிரோகி லங்கா" என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ்மாருக்கு நீரிழிவு பற்றிச் சொல்லிக் கொடுக்கும் விசேட பயிற்சி அதன் மூலம் கிடைத்தது.

பதினொரு கேள்விகள்

அந்த 11 தலைப்புகளையும் நம் வாழ்க்கைக்கு ஏற்றபடி கீழே தருகிறேன்.

1. வியாதியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? "உடம்பு நல்லாத்தானே இருக்கு, ஏன் மருந்து?" என்று நினைப்பவர் மருந்தை நிறுத்திவிடுவார். சீனி கூடினாலும் பல வருஷம் வலி தெரியாது என்பதை அவருக்கு விளக்க வேண்டும். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மருந்தும் சேர்ந்து சீனியை அளவுக்கு மேல் இறக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறார்கள்.

2. என்ன சாப்பிடுகிறீர்கள்? எப்போது? எவ்வளவு? "சீனி போட்டுத் தேத்தண்ணி குடிப்பீங்களா?" என்றால் "இல்லீங்க" என்போம். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத்தண்ணி குடிப்பதைச் சொல்ல மாட்டோம். காலையில் மூன்று ரொட்டி, பகல் சோறு, இரவும் ரொட்டி என்றால் மாச்சத்து அளவு மீறிவிடும். திருகோணமலையில் அதே கேள்விக்குப் பிட்டு, இடியப்பம், சொதி என்று பதில் வரும். கருவாடு அதிகம் என்றால் உப்பு கூடிப் பிரஷருக்கும் கேடு.

3. சிறுநீர், மலம் எப்படி? இரவில் மூன்று நான்கு தடவை எழும்பினால் சீனி கூடியிருக்கலாம். லயத்திலிருந்து கக்கூஸ் தூரமாக இருந்தால், இருட்டில் படியில் விழும் ஆபத்தும் சேர்கிறது. அதற்குப் பயந்து தண்ணீரையே குறைத்துக் குடிப்பவர்களும் உண்டு. அது தவறு.

4. என்ன வேலை? எவ்வளவு நடை? மலை ஏறிக் கொழுந்து எடுப்பவருக்கும் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அளவு மருந்து பொருந்தாமல் போகலாம். கவ்வாத்து போன்ற கடும் வேலை நாளில் சாப்பாடு தவறினால் சீனி இறங்கிவிடும்.

5. நித்திரை எப்படி? சரியான நித்திரை இல்லாவிட்டால் சீனி கட்டுப்படுவது கஷ்டம். நடு இரவில் வியர்த்துக் கொட்டி எழும்பினால் அது சீனி இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம்.

6. கண் தெரிகிறதா? காதில் விழுகிறதா? காலில் விறைப்பு, எரிவு உண்டா? கண் மங்கியவர் ஊசியில் பத்துக்கு இருபது இழுத்துவிடுவார். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு மருந்துப் பையில் எழுதிக் கொடுத்துப் பயனில்லை. சூரியன், சந்திரன் படம் வரைந்து கொடுக்க வேண்டும்.

7. உங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? "நான் வீட்டுக்குப் பாரம்" என்று நினைப்பவர் தன் உடம்பைக் கவனிக்க மாட்டார்.

8. வீட்டில் யார் யார்? சமைப்பது யார், மருந்தை ஞாபகப்படுத்துவது யார், பகலில் தனியாக இருக்கிறீர்களா? கட்டுப்பாட்டுச் சாப்பாடு ஒருவருக்கு மட்டும் தனியாகச் சமைப்பது நம் வீடுகளில் நடக்காத காரியம். வீடே மாறினால்தான் நோயாளியும் மாறுவார்.

9. கணவன் மனைவி உறவு, பிள்ளைப்பேறு. சொல்லக் கூச்சமான விஷயம்தான். ஆனால் ஆண்களுக்கு வரும் பலவீனம், பெண்களுக்கு வரும் அரிப்பு இரண்டுக்கும் சீனி காரணமாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் சீனி வந்த தாய்க்குப் பிற்காலத்தில் இந்த வியாதி வரும் வாய்ப்பு அதிகம். பிள்ளை பிறந்த பின்னும் பரிசோதிக்க வேண்டும். தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸிடம் கேட்கலாம்.

10. கவலை வந்தால் என்ன செய்வீர்கள்? திருகோணமலைக் கரையோரத்தில் யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் உறவுகளை இழந்தவர்கள் எத்தனையோ பேர். நம் தோட்டங்களில் கடன், மண்சரிவுப் பயம், குடியினால் வரும் சண்டை. மனம் உடைந்தவருக்கு மருந்து ஞாபகம் இருக்காது. சாராயம் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால், மருந்து எடுப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

11. உங்கள் நம்பிக்கை என்ன? வெள்ளி விரதம், கந்த சஷ்டி, ரமழான் நோன்பு, கதிர்காம நடை யாத்திரை எல்லாம் இதில் வரும். வடக்கிலிருந்து திருகோணமலை மாவட்டத்து வெருகல் வழியாகக் கதிர்காமம் போகும் அடியார்கள் நாள்கணக்கில் வெறுங்காலில் நடக்கிறார்கள். நல்ல நர்ஸ் விரதத்தைக் கேலி செய்ய மாட்டார். "எப்போ தொடங்குது? எத்தனை நாள்?" என்று கேட்டு, டொக்டரோடு பேசி, மருந்து நேரத்தை மாற்றித் தருவார். ரமழான் நோன்பு பிடிப்பவர் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு முன்பே கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

இந்த 11 கேள்விகளோடு இன்னொன்றும் உண்டு: பணம். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வெளியே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்த துண்டை வீட்டில் மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்கள் உண்டு. வாங்க வசதியில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். சொன்னால் கையில் இருக்கும் வேறு மருந்தை யோசிக்க வழியிருக்கிறது.

பார்ப்பதும் தொடுவதும்

கேள்வி முடிந்ததும் உடம்பைப் பார்க்க வேண்டும். கண்ணின் உட்பகுதியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண் டொக்டர் பார்க்க வேண்டும். பல்லும் முரசும் பழுதானால் சீனி கூடும். இன்சுலின் போடும் இடத்தில் கட்டி தட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி விழுந்தால் மருந்து ஒழுங்காகச் சேராது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கால். சீனி பல வருஷம் கூடியிருந்தால் காலின் நரம்பு செத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. தோட்டத்தில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறோம். குளிருக்கு அடுப்பங்கரையில் காலை நீட்டுகிறோம். திருகோணமலையில் பகல் நேரத்து மணல், கோயில் வீதிக் கல், கடற்கரைச் சிப்பி. விறைத்த காலுக்கு இவை எல்லாமே ஆபத்து. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறவர்களும் காலை வைப்பதற்கு முன் முழங்கையால் தண்ணீரின் சூட்டைப் பார்க்க வேண்டும். வலிக்காத புண் அழுகிய பிறகுதான் கண்ணில் படும். விரலை எடுத்தார்கள், காலை எடுத்தார்கள் என்று நாம் கேள்விப்படும் கதைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் உருவானது. எந்தச் சாமானும் தேவையில்லை.

நோயாளி படுத்துக் கண்ணை மூட வேண்டும். மற்றவர் தன் சுட்டு விரல் நுனியால் நோயாளியின் பெருவிரல், நடுவிரல், சின்ன விரல் ஆகியவற்றின் நுனியை மெதுவாக ஒன்றிரண்டு வினாடி தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, கூச்சம் காட்டவும் கூடாது. தொட்டது தெரிந்தால் வலதா இடதா என்று சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அந்தக் காலுக்கு ஆபத்து இருக்கிறது. அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

எண்களும் தேவைதான்

எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்று கருதி மீண்டும் பார்த்து உறுதி செய்வார்கள். 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற பரிசோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. மருந்து எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு 7க்குக் கீழே வைப்பது நோக்கம். வயதானவர்களுக்கு டொக்டர் வேறு அளவு சொல்லக்கூடும். பிரஷர், நிறை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

வயிற்றுப் பருமனுக்கு ஒரு கயிறு போதும். உங்கள் உயரத்துக்குக் கயிற்றை அளந்து இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு இடுப்பைச் சுற்றி வந்து முட்டாவிட்டால் வயிறு அளவுக்கு மேல் இருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்

இன்னொரு மாதிரி ஆளைப் பார்ப்போம். 58 வயது அம்மா. தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். கணவர் இறந்த பிறகு திருகோணமலையில் மகளோடு இருக்கிறார். கிளினிக்கில் சீனி 248. போன மாதம் 160. "என்னம்மா, இனிப்பு சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடலீங்க" என்கிறார். அது உண்மையும்கூட.

நர்ஸ் விடாமல் கேட்கிறார்.

"மருந்து தவறாமப் போடுறீங்களாம்மா?"

"போடுறேனுங்க மிஸ்ஸி. செவ்வாய், வெள்ளி மட்டும் போடுறதில்ல. விரதமுங்க."

"பகல்ல வீட்ல யாரும்மா இருப்பாங்க?"

"யாருமில்லீங்க. மக கடைக்கு வேலைக்குப் போயிரும். பேரப்புள்ள ஸ்கூல் விட்டு வந்ததும் அது மிச்சம் வச்ச சோத்த மூணு மணிக்குத் தின்பேன்."

"கோயிலுக்கு நடந்தா போவீங்க?"

"ஆமாங்க. செருப்பு வீட்லயே விட்டுட்டுத்தான் போவேன்."

"காலைக் காட்டுங்கம்மா."

"காலுல ஒண்ணுமில்லீங்க மிஸ்ஸி. வலிகூட இல்ல."

வலது பாதத்தின் அடியில், உச்சி வெயிலில் கொதித்த வீதி சுட்டு எழும்பிய கொப்புளம் உடைந்து சீழ் பிடித்திருக்கிறது. வலி இல்லை என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. நரம்புக்கு உணர்வு இல்லை. உடம்பில் கிருமி தொற்றினால் சீனி தானாகவே ஏறும். இனிப்பு சாப்பிடாமலே 248 வந்ததற்கு விரதத்தில் விட்ட மருந்தும் காலில் இருந்த அந்தப் புண்ணும்தான் காரணம்.

இப்போது எது முதல் வேலை என்று நர்ஸுக்குத் தெரியும். அன்றைக்கே டொக்டரிடம் காட்டிப் புண்ணுக்கு வைத்தியம். விரத நாளில் மருந்தை எப்படி எடுப்பது என்று டொக்டரிடம் கேட்டுச் சொல்வது. மகளை வரச் சொல்லி, பகல் சாப்பாட்டை நேரத்துக்கு எடுத்து வைக்கும் ஏற்பாடு. செருப்பைக் கோயில் வாசல் வரை போட்டுப் போகலாம் என்ற யோசனை. ஒரு வாரத்தில் மறுபடி வந்து காட்டச் சொல்லித் திகதி. கணவரை இழந்த துக்கத்துக்குச் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்பதும் இந்த வைத்தியத்தில் சேர்ந்ததே.

எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஒரு குளிசை கூடியிருக்கும். கால் போயிருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

கிளினிக்கில் கூட்டம் அதிகம். நர்ஸுக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிஷம்தான். எல்லாக் கேள்வியையும் அவரே கேட்க நேரம் இருக்காது. ஆகவே பதிலை நாம் தயாராகக் கொண்டுபோக வேண்டும்.

• கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள்: மருந்து தவறிய நாள், தலை சுற்றிய நாள், காலில் கண்ட புண், வரப்போகும் விரதம்.

• எடுக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

• தினமும் இரவு காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

• இன்சுலின் வைக்கப் பிரிஜ் இல்லாவிட்டால் பெரிய மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்ன மண்பானையை வைத்து, மருந்தை அதில் நனையாமல் மூடி, நிழலில் வையுங்கள். பாவிக்கத் தொடங்கிய போத்தலைப் பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலினைப் பாவிக்கவே கூடாது.

• கிளினிக் நாளில் பேர் போகும் என்றால் போகாமல் இருந்துவிடாதீர்கள். தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ முன்கூட்டியே சொல்லுங்கள். வேலை முறையை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

• வியாதி இருக்கிறதா என்றே தெரியாதவர்கள், 35 வயது தாண்டியிருந்தால், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள நல்வாழ்வு நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2011 முதல் இந்த நிலையங்கள் நடக்கின்றன.

அவசரம்

மருந்து எடுப்பவருக்குத் திடீர் வியர்வை, நடுக்கம், பசி, பேச்சுக் குழறல் வந்தால் சீனி 70க்குக் கீழே இறங்கியிருக்கலாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம். பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள். மலைக்குப் போகிறவரும் கடலுக்குப் போகிறவரும் சட்டைப் பையில் கொஞ்சம் சீனி அல்லது இனிப்பு வைத்திருக்க வேண்டும்.

உங்களுக்குச் சில கேள்விகள்

இந்தப் பாடத்தை வீட்டில் ஒருவர் சத்தமாக வாசித்து, மற்றவர்கள் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. நம் வீட்டுச் சீனி நோயாளியின் பாதத்தின் அடியை நாம் கடைசியாகப் பார்த்தது எப்போது?
2. அவர் பகல் சாப்பாடு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்?
3. விரத நாளில் மருந்தை என்ன செய்கிறார்?
4. கிளினிக்கில் சொல்லாமல் விட்ட விஷயம் ஏதாவது உண்டா?
5. அவர் மனதில் என்ன கவலை இருக்கிறது?

ஐந்துக்கும் பதில் தெரிந்த வீட்டில் நோயாளி தனியாக இல்லை. தெரியாத கேள்விக்கு இன்று இரவே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த கிளினிக்கில் நர்ஸ் கேட்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்பது வம்புக்கு அல்ல, உங்கள் காலையும் கண்ணையும் காப்பாற்றுவதற்கு.